கேஸ் கொப்பி: பழைய அனுபவத்தை வைத்துப் புதிய ஆவணச் சிக்கலைத் தீர்ப்பது எப்படி?

மலையகத் தேயிலைத் தோட்டத்தில் ஏ.எல். முடித்துவிட்டு வீட்டில் இருந்தால், அல்லது சிங்களம் கொஞ்சம் சரளமாக வந்தால், லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) உள்ள போம், அதாவது படிவம் எல்லாம் உங்கள் வாசலுக்குத்தான் வரும். "தம்பி, ஈ.பி.எஃப். காசு வரமாட்டேங்குது, என்னான்னு பாரு" என்று ஒரு பெரியம்மா பிளாஸ்டிக் பையை நீட்டுவார். ஈ.பி.எஃப். என்றால் ஊழியர் சேமலாப நிதி. உள்ளே மடித்து மடித்துக் கிழிந்த பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பழைய சம்பளத் துண்டு, எதற்கென்றே தெரியாத இரண்டு கடிதம்.

காரியாலயத்தில் கேட்டால் "ஒவ்வொரு கேஸும் ஒவ்வொரு மாதிரி" என்பார்கள். அது சரிதான். ஆனால் எந்தக் கேஸும் தனியாக வானத்திலிருந்து விழுவதில்லை. மேல் டிவிஷனில் போன வருடம் தீர்ந்த அதே சிக்கலுக்காகக் கீழ் டிவிஷனில் ஒருவர் இந்த வருடம் முதலிலிருந்து அலைகிறார். முன்னவர் என்ன செய்தார் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். நானும் அப்படித்தான் தட்டுத்தடுமாறி இதைப் பழகினேன். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

கணினி ஆய்வாளர்கள் இதற்கென்றே ஒரு முறை வைத்திருக்கிறார்கள். கேஸ் பேஸ்ட் ரீசனிங் என்று பெயர். விதிகளை எல்லாம் கரைத்துக் குடித்த பிறகு சிக்கலைத் தொடுவதில்லை. இதற்கு முன் நடந்த ஒன்றைத் தேடி எடுத்து அதிலிருந்து தொடங்குவது. 1994இல் ஆமொட், பிளாசா என்ற இருவர் இதை நான்கு வேலையாகப் பிரித்தார்கள்: பழைய கேஸைத் தேடி எடு, அதன் தீர்வைப் புதியதில் போட்டுப் பார், இடிக்கிற இடத்தைத் திருத்து, முடிவைத் திரும்பச் சேர்த்து வை. கணினி இல்லாமல் ஒரு கொப்பியிலேயே இந்த நான்கையும் செய்யலாம்.

1. முதலில் கொப்பி, அப்புறம் கணினி

ஒரு பெரிய சி.ஆர். கொப்பி போதும். ஒரு கேஸுக்கு இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். இடது பக்கம் சிக்கல், வலது பக்கம் செய்ததும் நடந்ததும். பத்துப் பதினைந்து கேஸ் சேர்ந்த பிறகு கூகுள் ஷீட்ஸில் ஏற்றுங்கள். போனிலேயே திறக்கலாம், காசும் இல்லை. ஆரம்பத்திலேயே ஷீட் திறந்தால் எந்தெந்தக் கட்டம் வேண்டும் என்று தெரியாமல் இருபது கட்டம் போடுவீர்கள், பாதி காலியாகவே கிடக்கும்.

புதிய கேஸ் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். தோட்டத்தில் ஏற்கெனவே காசு எடுத்தவர்கள், அடையாள அட்டை திருத்தியவர்கள் இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவர்கள் வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். பிளேன்டீ குடித்துக்கொண்டே பாதிக் கொப்பியை நிரப்பிவிடலாம்.

2. ஒரு கேஸை எழுதும் விதம்

கேஸ் என்றால் மூன்று பகுதி: சிக்கல் என்ன, என்ன செய்தோம், கடைசியில் என்ன ஆனது. மூன்றாவதை எழுதாதவர்கள்தான் அதிகம். முடிவு தெரியாத கேஸ் வெறும் கதை.

சிக்கலை எழுதும்போது ஆள் சொல்வதை முதலில் அப்படியே எழுதுங்கள்: "காசு வரல." அதற்குக் கீழே ஆவணங்களைப் பார்த்து நீங்கள் கண்டதை எழுதுங்கள். இரண்டும் ஒன்றல்ல. "காசு வரல" என்று வந்த கேஸ்கள் என் கொப்பியில் நிறைய இருக்கின்றன. ஒன்றில் பெயர் வேறு, ஒன்றில் பிறந்த திகதி வேறு, ஒன்றில் தோட்டம் கொடுத்த அங்கத்துவ இலக்கமே வேறொருவருடையது. வந்த முறைப்பாடு ஒன்றுதான், வைத்தியம் மூன்று.

செய்ததை எழுதும்போது ஆவணத்தின் பெயரை மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். "சத்தியக் கடதாசி கொடுத்தோம்" என்பது போதாது. அதில் என்ன வசனம் இருந்தது? ஒரு கேஸில் பெயர் முரணுக்காகக் கொடுத்த சத்தியக் கடதாசி திரும்பி வந்தது. சமாதான நீதவான் கையொப்பம் சரி, முத்திரை சரி. ஆனால் அடையாள அட்டையில் உள்ள பெயர் மட்டும்தான் அதில் இருந்தது. இரண்டு பெயரையும் எழுத்துக்கு எழுத்து எழுதி, "இவ்விரு பெயர்களாலும் குறிப்பிடப்படுபவர் நானே" என்று ஒரு வரி சேர்த்துக் கொடுத்ததும் எடுத்துக்கொண்டார்கள். இப்போது அந்த வரி கொப்பியில் இருக்கிறது. அடுத்தவருக்கு வேண்டியது அந்த வரிதான், சத்தியக் கடதாசி வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

பொறி: முடிந்த கேஸ்களை மட்டும் எழுதுவது. தோற்றவர்கள் திரும்பி வந்து சொல்ல மாட்டார்கள், "விதி" என்று விட்டுவிடுவார்கள். நீங்களே தேடிப் போய்க் கேட்க வேண்டும். 1980களில் அமெரிக்காவில் கிறிஸ்டியன் ஹாமண்ட் என்பவர் 'செஃப்' என்று ஒரு நிரல் எழுதினார். பழைய சமையல் குறிப்பை மாற்றிப் புதியது செய்யும் நிரல். பீன்ஸும் மாட்டிறைச்சியும் வதக்கும் குறிப்பை எடுத்து பீன்ஸுக்குப் பதிலாக புரோக்கோலி போட்டது. இறைச்சியில் விட்ட தண்ணீரில் புரோக்கோலி நமத்துப் போனது. நிரல் இரண்டையும் தனித்தனியாக வதக்கும்படி திருத்திக்கொண்டது. அதோடு, எந்தச் சேர்க்கையில் இது கெடும் என்பதையும் சேர்த்து வைத்தது. அதனால் அடுத்த தடவை அடுப்பில் வைப்பதற்கு முன்பே உஷாராகிவிடும். நுவரெலியாவில் புரோக்கோலி போடுகிறவர்களுக்கு இது புதுச் செய்தியாக இருக்காது. தோல்வியும் கொப்பியில் ஒரு கேஸ்தான். சிவப்புப் பேனாவில் எழுதுங்கள்.

3. தேடக் கிடைக்கும்படி பெயர் வைத்தல்

ஐம்பது கேஸ் சேர்ந்த பிறகு வேண்டியது கிடைக்காவிட்டால் கொப்பி இருந்தும் பிரயோசனம் இல்லை. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஆறே ஆறு விடயம் எழுதுங்கள். எப்போதும் அதே ஆறு, எப்போதும் அதே சொல்:

முரண் எந்த இரண்டு ஆவணத்துக்கு நடுவில்; முரணின் வகை (எழுத்து மட்டும், பெயரே வேறு, பிறந்த திகதி, தகப்பன் பெயர், இலக்கம்); ஆள் உயிரோடு இருக்கிறாரா; கோரும் காரணம்; தோட்ட நிர்வாகம் இடையில் கைமாறியதா; எந்தக் காரியாலயம்.

ஈ.பி.எஃப். கோரிக்கைக்குக் காரணம் என்ன என்பது முக்கியம். பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 வயது என்பது எல்லாரும் அறிந்த காரணம். அங்கத்தவர் இறந்துவிட்டால் வாரிசுகள் கோருவது வேறு. நிரந்தர இயலாமை வேறு. கல்யாணம் முடித்து வேலையை விட்ட பெண் கோருவது வேறு. ஒவ்வொன்றுக்கும் இணைக்கும் கடதாசி மாறும்.

தோட்டம் கைமாறிய விடயம் ஏன் என்று கேட்பீர்கள். 1992இல் பெரும்பாலான தோட்டங்கள் அரச நிறுவனங்களான ஜனவசமவிடமும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்திடமும் இருந்து கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. சேமலாப நிதிக் கணக்கில் தொழில் தருநருக்கு ஓர் இலக்கம், அங்கத்தவருக்கு ஓர் இலக்கம். தருநர் மாறினால் ஆளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கணக்கு இருக்கலாம். மூத்தவர்களின் கேஸில் இதை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

பிறந்த திகதி முரணைக் கண்டுபிடிக்க ஒரு சுருக்க வழி உண்டு. அடையாள அட்டை இலக்கத்திலேயே பிறந்த நாள் இருக்கிறது. பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கம் வருடம், அடுத்த மூன்று அந்த வருடத்தின் எத்தனையாவது நாள். பெண்ணாக இருந்தால் அந்த நாளோடு 500 கூட்டியிருப்பார்கள். 68623 என்று தொடங்கினால் 1968இல் பிறந்த பெண். 623இலிருந்து 500ஐக் கழித்தால் 123ஆவது நாள், அதாவது மே 2. இந்தக் கணக்கில் எல்லா வருடத்திலும் பெப்ரவரிக்கு 29 நாள் என்பதை மறக்க வேண்டாம். மறந்தால் ஒரு நாள் பிசகும்; இல்லாத முரணை உண்டாக்கிக்கொண்டு அலைவீர்கள். இப்படி எடுத்த திகதியைப் பிறப்புச் சான்றிதழோடு ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் பெரியம்மா சொன்ன சிக்கலுக்குப் பின்னால் இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது.

இன்னொரு பொய் முரண்: 2016இல் இருந்து வரும் புதிய அட்டையில் 12 இலக்கம். பழையதில் 9 இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும். தோட்டப் பதிவில் பழையதும் கையில் புதியதும் இருந்தால் "நம்பர் வேற" என்று பயந்து வருவார்கள். பழைய இலக்கத்தின் முன்னால் 19 சேர்த்து, வருடமும் நாளும் முடிகிற இடத்தில் ஒரு பூச்சியம் நுழைத்துப் பாருங்கள். புதியது வந்துவிட்டால் இரண்டும் ஒரே ஆள்தான். இதைக் கொப்பியில் 'முரண் இல்லை' என்ற பெயரில் ஒரு கேஸாகவே எழுதி வைத்திருக்கிறேன்.

4. நெருங்கிய கேஸைக் கண்டுபிடித்தல்

ஆறு விடயமும் சம எடை இல்லை. மார்க் போடுங்கள். எந்த ஆவணங்களுக்கு நடுவில் முரண் என்பதற்கு 5, முரணின் வகைக்கு 5, ஆள் உயிரோடு இருப்பதற்கு 4, காரணத்துக்கு 3, நிர்வாகம் மாறியதற்கு 2, காரியாலயத்துக்கு 1. மொத்தம் 20. பழைய கேஸில் எது புதியதோடு ஒத்துப்போகிறதோ அதற்கு முழு மார்க், ஒத்துப்போகாததற்குப் பூச்சியம். இரண்டுக்கும் நடுவில் இருந்தால் பாதி கொடுக்கலாம். உதாரணத்துக்கு, இரண்டு கேஸிலும் திகதி முரண்தான், ஆனால் ஒன்றில் நாள் மட்டும் மாறியிருக்கிறது, மற்றதில் வருடமே மாறியிருக்கிறது என்றால் பாதி.

ஒரு கேஸைப் போட்டுப் பார்ப்போம். கொழுந்து எடுத்த ஒரு அக்கா, வயது 57. ஈ.பி.எஃப். பதிவில் லெட்சுமி, அடையாள அட்டையில் விஜயலெட்சுமி. தோட்டம் கைமாறியது. வயதின் பேரில் கோருகிறார்.

கொப்பியில் முதலாவது: பதிவில் ராமாயி, அட்டையில் ராமாய். எழுத்து முரண் மட்டும். அவரும் வயதின் பேரில் கோரியவர், அதே காரியாலயம், தோட்டம் கைமாறவில்லை. மார்க்: 5, 0, 4, 3, 0, 1. ஆக 13.

இரண்டாவது: பதிவில் மணி, அட்டையில் சுப்பிரமணியம். ஆள் இறந்து மனைவி கோரியது. தோட்டம் கைமாறியது, காரியாலயம் வேறு. மார்க்: 5, 5, 0, 0, 2, 0. ஆக 12.

மார்க்கை மட்டும் பார்த்தால் ராமாயி கேஸ்தான் முதலில் வரும். அதைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால், எழுத்து முரணுக்குப் போதுமாக இருந்த ஒற்றைக் கடிதத்தோடு அக்காவை அனுப்புவீர்கள், திரும்பி வருவார். கவுன்டரில் அக்கா மாட்டப்போகும் இடம் "லெட்சுமியும் விஜயலெட்சுமியும் ஒரே ஆளா?" என்ற கேள்வி. அதற்கு விடை மணி கேஸில் இருக்கிறது. அதனால் மார்க் நெருங்கி வந்தால் இரண்டு பக்கத்தையும் திறந்து வையுங்கள். எந்த விடயத்தில் மாட்டுவோமோ அந்த விடயத்தில் ஒத்த கேஸுக்கே முதல் இடம்.

கிடைத்ததில் கூடிய மார்க்கே 10க்குக் கீழே என்றால் கொப்பியை மூடிவிடுங்கள். உங்களிடம் அந்தக் கேஸ் இல்லை. ஆவணங்களோடு நேரே போய் உத்தியோகத்தரிடம் கேட்டு, அதையே புதிய பக்கமாக எழுதுங்கள். ஏதோ ஒன்றைப் பொருத்திப் பார்ப்போமே என்ற ஆசைதான் இந்த முறையின் பெரிய ஆபத்து.

5. அப்படியே எடுக்காமல் பொருத்துதல்

பழைய கேஸையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, ஒத்துப்போகாத இடங்களைத் தனியாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி: இந்த வித்தியாசத்தால் எந்த ஆவணம் மாறும்?

அக்காவின் கேஸில் மணி கேஸிலிருந்து எடுப்பது பெயர் நிரூபிக்கும் பகுதி மட்டும். இரண்டு பெயரும் உள்ள சத்தியக் கடதாசி, கிராம உத்தியோகத்தரின் கடிதம், செக்ரோலை (தோட்டத்தின் பேர், சம்பளப் பதிவேட்டை) பார்த்துத் தோட்ட நிர்வாகம் கொடுக்கும் கடிதம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயர் எப்படி இருக்கிறது என்பது. மரணச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், வாரிசுக் கடதாசி எல்லாம் மணி கேஸுக்கு உரியவை, விட்டுவிடுங்கள். கோரிக்கைப் படிவத்தை நிரப்பும் ஒழுங்கு ராமாயி கேஸிலிருந்து வரும். கைமாறிய தோட்டத்தின் பழைய இலக்கம் ராமாயி கேஸில் இல்லை, மணி கேஸில் இருக்கிறது. இப்படி இரண்டு கேஸிலிருந்து ஒரு தீர்வு தைக்கலாம்.

பொறி: பழைய கேஸில் செய்த எல்லாமே தேவையாக இருந்தது என்று நினைப்பது. மணி கேஸில் தொழிற்சங்கத் தலைவரின் கடிதமும் கொடுத்திருந்தார்கள். அதனால்தான் காசு வந்ததா? தெரியாது. உத்தியோகத்தர் வாய் திறந்து "இது இல்லாமல் முடியாது" என்று சொன்னதற்கு மட்டும் கொப்பியில் நட்சத்திரம் போடுங்கள். மற்றவை இருந்தன, அவ்வளவுதான்.

6. போவதற்கு முன்னும் வந்த பின்னும்

தயாரான தீர்வை முதலில் போனில் சோதியுங்கள். "இந்த நான்கு கடதாசி இருக்கிறது, வேறு ஏதும் வேண்டுமா?" என்று கேட்டால் பல நேரம் சொல்லிவிடுவார்கள். சொன்னவரின் பதவியையும் திகதியையும் குறித்துக்கொள்ளுங்கள், பெயர் வேண்டாம்.

வந்த அன்றே எழுதுங்கள். "சரியாகிவிட்டது" என்று எழுதுவதற்குக் காசு கையில் வர வேண்டும். "போமை எடுத்துக்கொண்டார்கள்" என்பது இன்னும் முடிவல்ல. புதிய கேஸ் பழையதைப் போல அச்சு அசலாக இருந்தால் தனிப் பக்கம் வேண்டாம், பழைய பக்கத்தின் ஓரத்தில் ஒரு கோடு போடுங்கள். ஒரே பாதை பல தடவை பலித்தது என்பதற்கு அந்தக் கோடுகளே சாட்சி.

7. செலவும் நாளும்

ஒவ்வொரு கேஸிலும் காசை மூன்றாகப் பிரித்து எழுதுங்கள்: அரச கட்டணம், பஸ்ஸும் போட்டோகொப்பியும், இழந்த பேர் (தோட்டத்தில் ஒரு நாள் வேலைக் கணக்கு). மூன்றாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். ஞாயிறு லீவு, ஆனால் அன்று காரியாலயம் பூட்டு. கிழமை நாளில் போனால் அன்றைய பேர் விழாது. 2024இல் வர்த்தமானியில் வந்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. ஒரு கடதாசி குறைந்ததால் இன்னொரு தடவை போனால் அன்றைய நாட்சம்பளம் போகும், மேலே பஸ் காசு. துணைக்கு ஒருவர் போனால் இரண்டு மடங்கு. கட்டணங்கள் மாறும், பக்கத்தில் திகதி இல்லாத கட்டணத்தை நம்ப வேண்டாம். புரோக்கர் வாங்கிய காசையும் எழுதுங்கள். அரச கட்டணத்துக்குப் பக்கத்தில் அதை அடுத்தவர் பார்க்கும்போது புரோக்கரின் வியாபாரம் தானாகப் படுக்கும்.

எத்தனை நாள் எடுத்தது என்பதற்கு இரண்டு திகதி எழுதுங்கள்: கொடுத்த திகதி, கிடைத்த திகதி. "ஒரு மாசம்னு சொன்னாங்க" என்பதை எழுத வேண்டாம். நான்கைந்து கேஸ் சேர்ந்ததும் உண்மையான இடைவெளி தெரிந்துவிடும், வருகிறவர்களுக்கு அதையே சொல்லலாம். போகும் கிழமையில் போயா வருகிறதா என்று கலண்டரைப் பார்த்துவிட்டே பஸ் ஏறுங்கள். வயது நெருங்குகிறவர்களிடம் ஓய்வு பெறும் வருடத்துக்கு முன்பே பெயர் ஒப்பிடச் சொல்லுங்கள். வேலையில் இருக்கும்போது தோட்டக் கந்தோரில் கடிதம் வாங்குவது சுலபம். விலகிய பிறகு செக்ரோலைத் தேட யாருக்கும் நேரம் இருக்காது.

8. பழையதைக் கழித்தல், ஆட்களைக் காத்தல்

கேஸ் கூடக் கூடக் கொப்பி புத்திசாலியாகும் என்று நினைக்க வேண்டாம். விதி மாறினால் பழைய கேஸ் தவறான வழி காட்டும். படிவமோ நடைமுறையோ மாறியது தெரிந்த அன்றே, அதற்கு முந்திய பக்கங்களின் தலையில் 'பழைய விதி' என்று எழுதுங்கள். கிழிக்க வேண்டாம், பெயர் முரண் நிரூபித்த பகுதி இன்னும் பயன்படலாம்.

சொத்துச் சண்டை, இரண்டு மனைவியர் கோரும் கேஸ், யாரோ காசை எடுத்துவிட்டார் என்ற சந்தேகம் – இவை கொப்பிக்கு உரியவை அல்ல. சட்ட உதவி ஆணைக்குழுவுக்கோ சட்டத்தரணியிடமோ அனுப்பிவிடுங்கள்.

கடைசியாக, கொப்பியில் பெயர், முழு அடையாள இலக்கம், லய இலக்கம், தொலைபேசி எதுவும் வேண்டாம். மேலே வந்த ராமாயி, மணி எல்லாம் நான் வைத்த பெயர்கள்தான். கேஸுக்கு ஓர் எண் போதும்; எந்த எண் யார் என்பதை வேறொரு சின்னக் கொப்பியில் எழுதிப் பூட்டி வையுங்கள். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022இல் 9ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் லயத்தில் ஒருவர் கணக்கில் எவ்வளவு காசு இருக்கிறது என்பது அடுத்த காம்பராவுக்குத் தெரிய வேண்டியதில்லை. ஆவணங்களைப் போனில் படம் எடுத்தால் வேலை முடிந்ததும் அழியுங்கள், வாட்ஸ்அப் குழுவில் போடவே வேண்டாம். மூலப் பிரதியை ஒரு இரவுகூட உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். போட்டோகொப்பி எடுத்துக்கொண்டு அப்போதே பையோடு கொடுத்துவிடுங்கள்.